நூல் பிடிக்க ஓர் ஆள்

சுண்ணாம்புமலைத் தோட்டத்தில் நவமணியைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. அவளுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் கூலிகளின் வரிசைவீடான லயம் முழுக்கப் பேசினார்கள். மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்துக் குனோங் ராபாட்டைத் தாண்டி, வெள்ளை மலைகளின் காலடியில் கிடந்தது அந்த ரப்பர் தோட்டம். சும்மா உட்கார்ந்திருந்தாலே வியர்த்து ஊற்றும். அந்த வெக்கையில் வாசலில் முக்காலியைப் போட்டுக்கொண்டு ஒருத்தி கம்பளி பின்னினால் வேறு என்ன பேசுவார்கள்?

"யாருக்குக்கா இது? பனிமலையில ஒனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று பக்கத்து வீட்டு மாரியம்மா கேட்பாள்.

"என் கைக்குத்தான்லா. சும்மா வச்சிருந்தா அதுவும் ஒன்ன மாதிரி அடுத்த வீட்டுச் சட்டியத் தெறந்து பாக்கப் போயிரும்."

நவமணியின் நாக்கு அப்படி. துரை பங்களாவில் சமையல்கட்டு வேலை அவளுக்கு. துரைசானி பின்னுவதை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்தே இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டாள். துரைசானி தூக்கிப்போட்ட ஊசிகளும் மிச்சக் கம்பளியும்தான் முதல். குல்லாய், காலுறை, கழுத்துத்துண்டு என்று பின்னித் தள்ளினாள். ஒருவரும் போட்டுக்கொள்ளமாட்டார்கள் என்று தெரியும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறவர்களைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கள்ளுக்கடையில் விழுந்து கிடப்பதற்கும், சீட்டாட்டத்தில் வேட்டியை வைத்துத் தோற்பதற்கும் என்ன பிரயோசனம் என்று எந்த மகாராசனாவது கேட்டானா?

பின்னலோடு விட்டாலும் பரவாயில்லை. வாழ்த்து அட்டை வேறு செய்வாள். தீப்பெட்டிப் படம், சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாள், போன வருஷத்து நாள்காட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கத்தரித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஓரத்தில் பூ வரைவாள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஓர் அட்டை, மாடு கன்று போட்ட வீட்டுக்கு ஓர் அட்டை. வாங்கினவர்கள் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டு, ஆடுகிற கட்டில்காலுக்கு முட்டுக்கொடுத்தார்கள். கருவாடு சுற்றி வரும் காகிதத்தைக்கூட அவள் படிக்காமல் விடமாட்டாள். தொடர்கதையின் நடுத்துண்டு ஒன்று கிடைத்தால் போதும், முன்னும் பின்னும் தானே இட்டுக்கட்டி முடித்துவிடுவாள். எழுதினவனைவிடத் தான் நன்றாக முடித்திருப்பதாக அவளுக்கு நம்பிக்கை.

எல்லாவற்றையும் தூக்கியடித்தது அவள் பிரயாணம். சம்பளம் கைக்கு வந்ததும் ஈப்போ ஸ்டேஷனில் போகவர டிக்கெட் எடுத்து, தன்னந்தனியாகத் தைப்பிங்குக்கோ கோலகங்சாருக்கோ ரயிலேறிவிடுவாள்.

"யாரு செத்தது?" என்று திரும்பி வந்ததும் கேட்பார்கள்.

"யாரும் சாகல."

"அப்ப கல்யாணமா?"

"இல்ல. ரயிலு போச்சு, நானும் போனேன்."

இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட பத்துமலை வெட்கப்பட்டே பாதி இளைத்துப்போயிருந்தான். நல்ல உழைப்பாளி, கெட்ட பழக்கம் அதிகமில்லை. நாலு பேர் சிரித்துவிடுவார்களே என்பது ஒன்றுதான் அவன் வாழ்நாள் கவலை. சிரிப்பவர்களில் முதல் ஆள் அவனுடைய உயிர்க்கூட்டாளி, மாரியம்மாவின் புருஷன் மாயாண்டி. "மச்சான், ஒன் பொண்டாட்டி ஒனக்குக் கம்பளியில கோவணம் பின்னலியா?" என்று கள்ளுக்கடையில் ஒருதரம் கேட்டுவிட்டான். பத்துமலை வாரம் முழுக்க வீட்டில் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் என்ன கிடைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். நம்மை அசைக்க ஆள் உண்டா என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்த வெள்ளைக்காரத் துரை, தட்டில் வைத்த சோற்றைக்கூட முடிக்காமல் காரில் ஏறித் தெற்கே பறந்தார். ரப்பர் பாலை வாங்க நாதியில்லை. மரத்தடியெல்லாம் மரவள்ளி நட்டார்கள். காலையில் கிழங்கு, மாலையில் கிழங்கு, கையில் ஜப்பான்காரன் வாழைமரம் அச்சடித்துவிட்ட நோட்டு. ரயிலேற வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். கருவாடே இல்லாதபோது கருவாட்டுக் காகிதத்துக்கு எங்கே போவது? நவமணிக்கு மிஞ்சியது பின்னல் ஒன்றுதான். புதுக் கம்பளி ஏது? பின்னியதையே பிரித்துப் பின்னினாள். இந்த மாதம் குல்லாயாக இருந்தது அடுத்த மாதம் காலுறை ஆனது. லயத்தில் சிரித்தார்கள். கிழங்கு தின்று வயிறு உப்பியவர்களுக்குச் சிரிக்கவாவது ஏதாவது வேண்டுமே என்று அவளும் விட்டுவிட்டாள்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி, அப்பாவு என்பவர். அவருக்கு மட்டும் எந்த ஆட்சியிலும் குறைவில்லை. துரை இருந்தவரைக்கும் வார்த்தைக்கு வார்த்தை 'யெஸ் சார்'. ஜப்பான்காரன் வந்த வாரமே இடுப்பு ஒடியக் குனியப் பழகிக்கொண்டார். ஈப்போவில் ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போய், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் வாங்கிவந்தார். ஆள் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, அந்த வில்லையைத் தடவிக்கொண்டே அரைமணி நேரம் பேசினார். அவர் பேசியதில் எது ஜப்பான் பாஷை, எது இருமல் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

நவமணி சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியுமா? தீப்பெட்டிப் படத்திலிருந்து ஒரு பச்சைக் கிளியைக் கத்தரித்து ஒட்டி, 'சொன்னதைச் சொல்லும் எங்கள் கிராணியாருக்கு வாழ்த்து' என்று கீழே எழுதி, வெள்ளித்தாளில் கரை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பாவு பூரித்துப்போனார். ஆபீஸ் சுவரில் அவர் நாற்காலிக்கு நேர்மேலே மாட்டினார். "கிளி ரொம்ப அறிவுள்ள பறவை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவரே விளக்கமும் சொன்னார். மருந்துக் கொட்டகை சன்னாசி வந்து பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அதற்கு என்ன அர்த்தம் என்று உடைத்துச் சொல்லும்வரை கிளி அங்கேயே இருந்தது. அன்று சாயங்காலம் அது அடுப்புக்குப் போனது.

கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், தோட்டத்துக்கு இத்தனை ஆள் அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது என்பது பெரிய கிராணி பொறுப்பு. பெரட்டுக்களத்தில் அவர் கூப்பிட்ட முதல் பேர் பத்துமலை.

"மூணே மாசம்லா! அரிசி, சம்பளம், புதுத்துணி, எல்லாம் சர்க்காரு குடுக்கும்" என்றார் அப்பாவு.

அரிசி என்ற சொல்லைக் கேட்டதும் பாதிப்பேருக்கு வாயூறியது. பத்துமலைக்கோ அரிசியைவிட இன்னொன்று இனித்தது. "ஒனக்கு மட்டுந்தான் ரயிலேறத் தெரியுமா? நானும் ஊரு பாத்துட்டு வாரேன்" என்று பெண்டாட்டியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினான்.

நவமணி முன்னால் வந்தாள். "ஐயா, போறதுக்கு ஈப்போவுல ரயிலேத்துறீங்க. வர்றதுக்கு அங்கன எந்த ஸ்டேஷன்ல ஏறணும்?"

"அதெல்லாம் அங்க போனாச் சொல்லுவாங்க."

"ஒங்களுக்குச் சொன்னாங்களா?"

அப்பாவு வில்லையைத் தடவினார். "பொம்பளைக்கு எதுக்கு இந்த சூசா, தொந்தரவெல்லாம்? போ, போயிக் கம்பளியப் பின்னு."

எல்லாரும் சிரித்தார்கள். பத்துமலையும் சேர்ந்து சிரித்தான். நவமணி ரயிலில் போய்வந்து பழகியவள். போகிற ரயிலைச் சொல்கிறவன் வருகிற ரயிலைச் சொல்லவில்லை என்றால் அப்படி ஒரு ரயில் இல்லை என்றுதான் அர்த்தம். ஒரு கிளிப் படத்தை ஒட்டிப் புருஷனை அதில் ஏற்றிவிட்டோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஆபீஸுக்குப் போய், ஐயா தப்பா நெனச்சிக்கிட்டீங்க, கிளி நல்ல பறவைதான் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். அப்பாவு பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்களை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போக லோரி வருவதற்குச் சில நாள் முன்பு, பங்களாவில் குடியேறியிருந்த ஜப்பான் அதிகாரி லயத்தைச் சுற்றிப்பார்க்க வந்தான். பின்னால் அப்பாவு குனிந்த இடுப்போடு ஓடிவந்தார். நவமணி வீட்டு வேலியில் காய்ந்துகொண்டிருந்த கழுத்துத்துண்டைக் கண்டதும் அதிகாரி நின்றான். இரண்டு விரலால் தொட்டு, நீவி, திருப்பிப் பார்த்தான். பிறகு வீடுகளைக் கைகாட்டி "அமி? அமிமோனோ?" என்று கேட்டுவிட்டு, பங்களாவுக்குக் கொண்டுவரும்படி சைகை செய்துவிட்டுப் போனான்.

கிராணியாருக்கு ஜென்மம் சாபல்யமாயிற்று. மோனோ என்றால் பொருள், சாமான் என்று வகுப்பில் படித்திருந்தார். முன்பாதியைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை, அது சுத்தத் தமிழ். "அதிகாரிக்கு அம்மி வேணுமாம்! எல்லா வீட்டு அம்மியும் இப்பவே பங்களாவுக்கு வரணும்!" என்று கத்தினார்.

"அதுக்கு என் துண்ட எதுக்குத் தடவுனாரு?" என்றாள் நவமணி.

"வாய மூடு. பாஷை படிச்சது நானா, நீயா?"

அரைக்க மிளகாய் இல்லாவிட்டாலும் அம்மி இல்லாத வீடு உண்டா? பெண்கள் குழவியை இடுப்பிலும் ஆண்கள் அம்மியைத் தலையிலும் தூக்கிக்கொண்டு பங்களா மேட்டில் ஏறினார்கள். வழியெல்லாம் அப்பாவுவின் குலத்தையும் கோத்திரத்தையும் விசாரித்துக்கொண்டே போனார்கள். "நம்ம வீட்டு அம்மியிலதான் அவன் ஊரு கொழம்புக்கு அரைக்கணுமா?" என்று மாரியம்மா மூச்சு வாங்கினாள். வராந்தாவில் அம்மிகள் வரிசையாக நின்றன. அதிகாரி வெளியே வந்தான். முதல் அம்மியைப் பார்த்தான், கடைசி அம்மிவரை பார்த்தான். அப்பாவு தரையைத் தொடக் குனிந்து நிமிரவும் கன்னத்தில் பளார் என்று விழுந்தது. வில்லை தெறித்து ஒரு குழவிக்கடியில் போய்விட்டது.

ஆத்திரம் தாங்காமல் அதிகாரி தன் சட்டையைத் தூக்கினான். வயிற்றைச் சுற்றி ஒரு கம்பளிப் பட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்துத் தொங்கியது. வயிற்றில் குளிர் இறங்கக்கூடாதாம். ஈப்போ வெயிலில்! பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். நவமணி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களைக் குறுக்கே வைத்துப் பின்னுவதுபோல ஆட்டிக் காட்டினாள். அதிகாரி "அமி! அமி!" என்று தலையை ஆட்டினான்.

உள்ளே துரையின் அலமாரியில் கிடந்த கம்பளிச் சட்டைகளை அவனே எடுத்துவந்து அவள் மடியில் போட்டான். இரண்டு சட்டை. பிரித்து, புதிதாகப் பட்டை பின்ன வேண்டும். நவமணி அவற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒன்றைப் பிரித்து, நூலின் சுருக்கம் போக நனைத்துக் காயவைத்தாள். காய்ந்த நூலை உருண்டையாகச் சுற்றுவதுதான் பாக்கி. அதை லோரி வரும் காலைக்கென்று ஒதுக்கிவைத்தாள்.

அன்று காலையில் பத்துமலை இருந்ததில் நல்ல வேட்டியைக் கட்டி மூட்டையோடு கிளம்பிவிட்டான்.

"லோரி வர்றவரைக்கும் பங்களாவுல வந்து ஒரு கை பிடிங்க. அதிகாரி பாத்தா ஒங்களுக்குச் சயாமுல நல்ல வேலை சொல்லிவிடுவாரு" என்றாள் நவமணி.

அவன் நம்பினான். வராந்தாவில் சம்மணம் போட்டு இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்தான். அவள் வளையமாகக் கிடந்த நூலை அந்தக் கைகளில் மாட்டி, எதிரே இருந்து உருண்டை சுற்றத் தொடங்கினாள். துரைசானி காலத்தில் இப்படித்தான் அவளை நிற்கவைத்துச் சுற்றுவார்கள். வீட்டில் அவளுக்கு ஆளே வேண்டியதில்லை. முக்காலியைக் கவிழ்த்து அதன் கால்களில் மாட்டிக்கொள்வாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, தன் வயிற்றுக்கு வரப்போகும் சுகத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேட்டுக்குக் கீழே லோரி வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். தோட்டமே வழியனுப்பத் திரண்டிருந்தது. அப்பாவு பேர் கூப்பிட்டார். "பத்துமலை!"

பத்துமலை எழுந்தான். நூல் இழுபட்டு ஒரு பக்கம் சிக்கிக்கொண்டது. அதிகாரி பதறிப்போய் ஓர் அதட்டல் போட்டான். பத்துமலை தொப்பென்று உட்கார்ந்தான்.

அப்பாவு மூச்சிரைக்க மேடேறி வந்தார். "இந்த ஆளு சயாம்..." என்று தொடங்கினார்.

"இவரு இல்லாம நூல் சுத்த முடியாது" என்றாள் நவமணி. புருஷன் கையைத் தொட்டுக் காட்டி, அதிகாரியின் வயிற்றைக் காட்டி, கையை விரித்தாள். இரண்டாவது சட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள், வேலை இன்னும் கிடக்கிறது என்பதுபோல. அதிகாரிக்கு அதற்குமேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அப்பாவுவைப் பார்த்துக் கையை ஓங்கினான். அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினார்.

கீழேயிருந்து சிரிப்பு கிளம்பியது. ஊர் பார்க்கப் போகவேண்டியவன் பெண்டாட்டிக்கு நூல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! பத்துமலைக்கு முகம் கறுத்துக் கண் கலங்கிவிட்டது. "விடுடி, நான் போறேன்" என்று பல்லைக் கடித்தான். அவள் விடவில்லை, சுற்றிக்கொண்டேயிருந்தாள்.

"ஒரு ஆளு கொறையுது! யாரு வாரீங்க?" என்று கத்தினார் அப்பாவு.

"நான் வாரேன்லா!" என்று ஒரு குரல் கேட்டது. மாயாண்டி. அவன் பேரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. ஒரே தாவலில் லோரியில் ஏறி, மேட்டைப் பார்த்துக் கையை ஆட்டினான். "மச்சான்! நீ நூலு பிடி! ஒன் பங்குச் சோத்தையும் நானே தின்னுட்டு வாரேன்!"

கூட்டம் கைதட்டியது. மாரியம்மா ஓடிவந்து லோரியின் பின்பலகையைப் பிடித்தாள், அதற்குள் அது நகர்ந்துவிட்டது. நவமணி தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் இருந்தது நிம்மதி மட்டும்தான், கொஞ்சமும் வெட்கமில்லாத நிம்மதி.

அதன்பிறகு கள்ளுக்கடையில் பத்துமலைக்கு 'நூல்காரன்' என்றே பேராகிவிட்டது. "என்னயப் பொம்பள ஆக்கிட்டியே" என்று ஒருநாள் தட்டை விசிறினான்.

"உசுரோட இருக்கிற பொம்பள. எடுத்துத் தின்னுங்க" என்றாள் நவமணி.

அதிகாரிக்குப் பட்டை தயாரானது. அதைக் கட்டிக்கொண்டு எங்கேயோ மாற்றலாகிப் போனான். மூன்று மாதம் போயிற்று, வருஷமும் போயிற்று. சயாமிலிருந்து ஒரு காகிதமும் இல்லை. ஜப்பான் தோற்றதாகச் செய்தி வந்தது. வெள்ளைக்காரன் திரும்பிவந்த அன்று அப்பாவு பழைய கோட்டைத் தூசிதட்டி மாட்டிக்கொண்டு 'யெஸ் சார்' என்று வாசலில் நின்றார். சயாமுக்குப் போனவர்களில் திரும்பியவர்கள் ஒருசிலர்தான். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு, யார் பேரைக் கேட்டாலும் கையை விரித்தார்கள். மாயாண்டி போன வேகத்திலேயே வாந்திபேதியில் போய்விட்டான் என்று அவர்களில் ஒருவன் மாரியம்மாவிடம் சொன்னான்.

மாரியம்மா பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பிற்பகலில் நேராக நவமணி வீட்டுக்கு வந்தாள். பத்துமலை கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாலிச் சத்தம் கேட்கிற பக்கத்தை மாரியம்மா கொஞ்சநேரம் பார்த்தாள். அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவும் வரவில்லை.

"அக்கா, ஒன்னு கேக்கணும். அன்னைக்கு ரெண்டு சட்டை இருந்துச்சே. நூலு பிடிக்க ரெண்டு ஆளு வேணும்னு சொல்லியிருந்தா என்ன? எம் புருஷனுக்கும் ரெண்டு கை இருந்துச்சுதானே?"

லயத்தில் யார் எதைக் கேட்டாலும் கேட்டு வாய் மூடுமுன் பதில் கொடுத்தவள் நவமணி. கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். நூல் சுற்ற ஆளே வேண்டாம், அன்றைக்குச் சொன்னது சுத்தப் பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொய்யில் இன்னும் ஒருவனுக்கு இடம் இருந்தது. மாயாண்டி லோரியில் ஏறிக் கையை ஆட்டியபோதும் இருந்தது.

மாரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து, அவள் சொல்லப்போகும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.